மாற்ற வேண்டாத எஞ்சின்

1. கொக்குவிலில் அண்ணன் வாடகைக்கு ஹயர் ஓடும் காரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன்.
2. தொண்டைமானாற்றுப் பாலத்தருகே வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. உடனே நிறுத்தினேன்.
3. ஒரு மீன் லொறி வல்வெட்டித்துறை கராஜ் வரை கட்டி இழுத்து வந்தது.

"எஞ்சினை மாத்திறதுதான் நல்லம், தங்கச்சி," என்கிறார் கராஜ்காரர். வேறு எஞ்சின் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரை அண்ணனுக்கு உழைப்பில்லை. நான் இயந்திரவியல் படித்தவள். சிலிண்டர்களின் அழுத்தத்தை முதலில் அளக்கச் சொல்கிறேன். நான்கிலும் சரியாக இருக்கிறது. ஒயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை.

சூடு ஆறியதும் ரேடியேற்றர் மூடியைத் திறக்கிறார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை.

"உங்கடை அண்ணை இதுக்குள்ளை கிணத்துத் தண்ணியோ விடுறவர்?"

"ஓம். எங்கடை கிணறு நல்ல தண்ணி எண்டு பெருமையா விடுறவர்."

"வீட்டிலை தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ளை உதே படை பிடிக்கிறதை அவர் காணேல்லையோ?"

"கேத்தில் கழுவுறது அண்ணியெல்லோ!"

அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "படை அடைச்சதாலைதான் சூடேறினது, எஞ்சினை மாத்தத் தேவையில்லை," என்கிறார்.

எஞ்சின் அப்படியே இருக்கிறது. ரேடியேற்றரைக் கழற்றியாயிற்று, சுத்தம் செய்து நாளை பூட்டித் தருவார். நான் பஸ்ஸில் கொக்குவில் திரும்புகிறேன்.