ஒரு சைஸ் பெரிசு

செராமிக் பட்டறையில் அச்சு செய்கிறவர் எதையும் உள்ள அளவில் செய்யமாட்டார். களிமண் காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். அதனால் எல்லாமே கொஞ்சம் பெரிசு. என்னோடு அச்சு வேலை பார்த்த, பக்கத்து வீட்டுப் பச்சமுத்து அண்ணன் இந்தக் கணக்கைப் பட்டறையோடு விட்டிருக்கலாம். வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"மண்ணு சுருங்கும், புள்ள வளரும். ரெண்டுக்கும் பெருசாத்தான் எடுக்கணும்" என்பார். அவர் மகள் இளமதி ஸ்கூலுக்குப் போட்டுப் போன பாவாடை ரோட்டைக் கூட்டியது. செருப்பு அவளுக்கு முன்னால் நடந்தது. தெருவே சிரிக்கும், அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

அவள் கால்பந்து ஆடினால் மட்டும் யாரும் சிரிக்கமாட்டோம். பையன்களையே திணறடிக்கிற கால். 2006-ல் கடலூரில் ஒரு விளையாட்டு விடுதிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. எட்டாம் வகுப்புக்கு மேல் எடுக்கமாட்டார்கள். இளமதி அப்போது எட்டாவது. தனக்கென்று எதற்கும் ஆசைப்படாத அண்ணன், இந்த ஒரு இடத்துக்காகக் கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்தார்.

முழங்காலுக்குக் கீழே அடி படாமல் சாக்ஸுக்குள் மாட்டுகிற ஷின் கார்டு போடாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் அவளை நிற்கவைத்துப் பார்த்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். முட்டிக்குக் கீழேயும் கணுக்காலுக்கு மேலேயும் கொஞ்சம் இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"இதவிட பெருசு இருக்குதுங்களா?" என்றார் அண்ணன்.

"பாப்பாவுக்கு இதாங்க அளவு. பெருசு போட்டா கால்ல நிக்காது."

"வளர்ற புள்ளங்க. ரெண்டு வருஷமாவது போட வேணாமா? பெருசயே குடுங்க."

இளமதி சின்னதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

கடலூரில் ஆட்டம் தொடங்கியதுமே அந்தப் பெரிசு வேலையைக் காட்டியது. ஓடினால் சாக்ஸுக்குள் சுற்றிக்கொண்டு கெண்டைக்கால் பக்கம் போய்விடும். இழுத்துச் சரிசெய்தால் மேல் விளிம்பு முட்டியில் இடிக்கும். கொஞ்ச தூரம் ஓடுவாள், குனிவாள். குனிந்த நேரம் பார்த்துப் பந்து அவளைத் தாண்டிப் போகும். அண்ணனோ வேலியோரம் என் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏய், எதுக்குடி சும்மா சும்மா குனியற? பந்தப் பாருடி!"

அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது எனக்கு.

தேர்வானவர்களின் பெயர்களைப் படித்தபோது இளமதியின் பெயர் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் திட்டித் தீர்த்தார். கிடைத்ததைக் கோட்டை விட்டாள், கவனமில்லை, திமிர் என்றெல்லாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் கால் கழுவ அவள் சாக்ஸைக் கழற்றியபோதுதான் அவர் பார்த்தார். இரண்டு காலிலும் முட்டியடியில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"ஏம்மா, அத கழட்டிப் போட வேண்டியதுதான?"

"கழட்டுனா வெளிய அனுப்பிடுவாங்கப்பா."

அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்தச் சின்ன ஜோடியை மாற்றி வாங்கி வந்தார். "இனிமே இது எதுக்குங்க?" என்று அண்ணி கேட்டபோது, கவரை மகளிடம் நீட்டினார்.

இளமதி வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு, யூனிஃபார்மோடு கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினாள்.

"சரியா இருக்குதுப்பா. ரொம்ப நல்லா இருக்குது" என்று சிரித்தாள். கழற்றிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, "ஸ்கூலுக்குப் போயிட்டு வரேம்ப்பா" என்று கிளம்பிப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எடுத்து என் மூஞ்சில அடிச்சிருக்கலாண்டா அவ" என்று சொல்லி அழுதார்.