மஸ்கெலியாவில் ஒரு பம்பாய்ப் பவுன்

ஆவணி மாதத்து வியாழக்கிழமை, காலை ஐந்தரைக்குக் கண்டியில் பேருந்து ஏறினேன். சட்டையின் உள்பையில் இலண்டனில் அச்சான முழுப் பவுன் காசு ஒன்று இருந்தது. கைபேசியில் ஒரு படம். மஸ்கெலியாக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் நசீர் முந்தின நாள் அனுப்பியது. இரு விரல்கள் பிடித்திருக்கும் ஒரு பவுன் காசின் அடிப்பகுதி. 1918 என்ற ஆண்டு. அதன் மேலே, குதிரை நிற்கும் தரையில், கடுகளவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து.

அந்த எழுத்துக்காகத்தான் பயணம். முதல் உலகப் போரில் கடல்வழியே தங்கம் அனுப்புவது ஆபத்தானபோது, இலண்டன் நாணயச் சாலை பம்பாயில் ஒரு கிளை திறந்தது. அங்கு அச்சான பவுன்களில் 1918 தவிர வேறு ஆண்டு இல்லை. மறு வருடமே கிளையை மூடிவிட்டார்கள். நான் பழங்காசு சேர்ப்பவன்; என் சேகரிப்புத் தட்டில் சிட்னி, மெல்பேர்ன், பேர்த் காசுகள் உண்டு. பம்பாய்க்கான குழி மட்டும் காலி.

“இங்க தோட்டத்துல ஒரு அம்மா, மகன் கல்யாணத்துக்குத் தாலிக்கு உருக்கப் போறாங்க. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். முந்தி வாங்க சார்,” என்று நசீர் சொல்லியிருந்தார்.

எட்டே முக்காலுக்கு ஹட்டன். அங்கிருந்து மஸ்கெலியா ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். நடத்துனர் என் வேட்டியைப் பார்த்தார்.

“கல்யாணமா சார்?”

“பொன்னுருக்கு.”

“அப்ப இன்னைக்குத் தேத்தண்ணிதான். சோறு கல்யாணத்தன்னைக்கு!”

வழியில் நீர்த்தேக்கம் நிரம்பிக் கிடந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில் இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது அதன் கோயில் வெளியே தெரியும். அன்று தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பத்து மணிக்கு நசீரின் ஓட்டோவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் தாய் சரஸ்வதி, கொழுந்து பறிப்பவர், வாசலுக்கு வந்து அழைத்தார். பொற்கொல்லர் பத்தர் கரியை மூட்டியிருந்தார். மஞ்சள் பூசிய தேங்காய்க்கு அருகே, வெற்றிலையின் மேல், காசு. குனிந்து பார்த்தேன். அது காசு அல்ல; காசின் மூன்றில் ஒரு பங்குத் துண்டு. மேற்பக்கம் உளியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. படத்தில் அந்த வெட்டை விரல்கள் மறைத்திருந்தன.

“மிச்சம் எங்கம்மா?”

“அந்தா நிக்கிறாளுங்களே, ரெண்டு கழுத்துல,” என்று கதவோரம் நின்ற மருமகள்களைக் காட்டினார் சரஸ்வதி. “மாமியா போட்டிருந்த ஒத்தக் காசு. எனக்கு மூணு பயலுக. ஆளுக்கு ஒரு துண்டு.”

“வருசம் போட்ட பக்கத்தக் கடைசிக்கு வச்சோம். அது இருந்தாத்தானே பவுன் காசுன்னு நம்புவாங்க,” என்றார் பத்தர்.

நான் முழுப் பவுனை எடுத்து வெற்றிலை அருகே வைத்தேன். துண்டுக்குப் பதிலாக இது என்றேன்.

“அம்மா, தாலி கனமா இருக்குமே,” என்றான் மாப்பிள்ளை சதீஷ்.

“பாருங்கத்தே, இன்னும் வீட்டுக்கே வரல, அதுக்குள்ள அவளுக்குக் கனமா வேணுமாம்!” என்றாள் மூத்த மருமகள். எல்லாரும் சிரித்தார்கள்.

சரஸ்வதி சிரிக்காமல் மருமகள்களைப் பார்த்தார். “இதத்தான் நெனைச்சேன். நாளைக்கு ஒரு சண்ட வந்தா, எங்களுது மாமியா காசு, ஒன்னோடது கடக் காசும்பீங்க. வரப்போற கொட்டகலைப் புள்ளைக்குத் தாயுமில்ல, தகப்பனுமில்ல. இந்த வீட்டுல அது பங்கு இதுதான்.” என் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்காதீங்கய்யா. உருக்குறதுக்கு முன்னால நல்லாப் பாத்துக்கங்க.”

துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். பூதக்கண்ணாடியில் அந்த எழுத்து சிறிதும் தேயாமல் இருந்தது.

“நேரமாச்சுங்க,” என்றார் பத்தர்.

சதீஷிடம் கொடுத்தேன். அவன் அதைக் கரித்தணலில் இருந்த மூசையில் இட்டான். விளிம்பு சிவந்தது, நெளிந்தது. எழுத்து எந்தக் கணத்தில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். துண்டு இருந்த இடத்தில் ஒரு துளி உருண்டு மின்னியது. இரண்டு மருமகள்களும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

தேத்தண்ணீரும் பயற்றம் உருண்டையும் சாப்பிட்டுவிட்டு, இலண்டன் காசோடு திரும்பினேன்.

மறுநாள் காலை கண்டியில் தட்டைத் திறந்து, காலிக் குழியின் கீழ் ஒரு சீட்டு ஒட்டினேன்: “பம்பாய், 1918. மஸ்கெலியாவில் மூன்று தாலிகளாகப் புழக்கத்தில் உள்ளது.”