அப்பாவும் மகளும் சேர்ந்து பார்க்க ஒரு படம்

சின்னப் பிள்ளைகளுக்குப் படம் தெரிவு செய்து கொடுக்கிறவருக்குப் படங்களைப் பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அந்த வீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அரியாலையில் எங்கள் சிறுவர் வாசிகசாலையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரி நிறையப் படங்களும் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் வாங்கி அனுப்பியவை. பாதி சீடி, பாதி பென் ட்ரைவ். ஊருக்கு எல்லாமே சீடிதான். நான் ஊருக்குத் திரும்பி வந்து இங்கே குடியிருக்கத் தொடங்கியதும், "நீங்கள் ரெண்டு பாசையிலும் படிச்சனீங்கள், இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று அலுமாரித் திறப்பைக் கையில் தந்துவிட்டார்கள். அந்த இரண்டு பாசையிலும் ஒரு பிள்ளைப் படமாவது பார்த்திருக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே ஒன்றை வைத்துக்கொண்டு, ரிமோட்டைப் பிடித்தபடி எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்களா? நீங்கள் என் இனம். கேளுங்கள்.

சோறு முடியும் மட்டும்

முதல் மாதமே விளங்கிவிட்டது: இங்கே படத்தின் நீளத்தை மணித்தியாலத்தில் அளப்பதில்லை, சோற்றில் அளக்கிறார்கள். மத்தியானம் பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கும்போது படமும் தொடங்க வேண்டும். கடைசிப் பிடி வாய்க்குள் போக முந்தி அது முடியக் கூடாது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வதனி இதற்காகவே வருகிறவள். அவளுடைய மகனுக்கு நான்கு வயது. அவன் சாப்பிடாத சாப்பாடுகளை அவள் சொல்லத் தொடங்கினால் வாசிகசாலை பூட்டும் நேரம் வந்துவிடும்.

நன்றாகத் தேடி, வெளிநாட்டில் பரிசெல்லாம் வாங்கிய ஒரு படத்தைக் கொடுத்தேன். அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தாள். பயந்துவிட்டானா என்று கேட்டேன். "இல்லை அக்கா, நல்ல படம். அதுதான் பிழை. வாயைத் திறந்தவன் திறந்தபடி ரீவியைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். சப்பேல்லை, விழுங்கேல்லை. உதைவிடக் கொஞ்சம் குறைஞ்ச படமாத் தாங்கோ."

லீவில் வந்தவர்

ஒரு பின்னேரம் அலுமாரிக்கு முன்னால் ஓர் இளம் தகப்பன் வெகு நேரமாக நின்றார். பெயர் சுதன், கட்டாரில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். மகள் தர்சிக்கு மூன்று வயது. அவர் போனபோது அவள் ஏணைத் தொட்டிலில் கிடந்தவள். இப்போது அவர் ஹோலுக்குள் வந்தால் அவள் எழும்பித் தாயிடம் போய்விடுகிறாள். அவரை மாமா என்று கூப்பிடுகிறாள். வந்த இரண்டாம் நாளே, அந்த மாமா எப்போது தன் வீட்டுக்குப் போவார் என்று தாயிடம் விசாரித்திருக்கிறாள்.

"படமெண்டால் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து இருப்பா. பக்கத்திலை நானும் இருக்கலாமெல்லோ" என்றார் சுதன். லீவில் ஒரு கிழமை போய்விட்டது. மிச்சம் முடிவதற்குள் ஒரு தரமாவது அவள் தானாகத் தன் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். சரி, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யானையா, பூனையா, பாட்டா, கார் ஓட்டமா என்று கேட்டேன். கையிலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனிசியிட்டைக் கேட்டுட்டு வந்திருக்கலாம் அக்கா. என்ரை பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு இன்னொராளிட்டைக் கேக்க ஒரு மாதிரிக் கிடந்தது."

கொடியேறினால்

நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் எங்கள் பக்கத்துச் சைவ வீடுகள் பலவற்றில் திருவிழா முடியும் மட்டும் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ரீவியையும் கழுவ வேண்டும் என்பது மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கௌரி வந்து முறையிட்டபோதுதான் தெரிந்தது. நான் கொடுத்த படத்தில் கரடி ஒன்று முழுக் கோழியைப் பொரித்துச் சாப்பிடுகிறது. அதைப் பார்த்த அவளுடைய மகன் வெள்ளிக்கிழமை மத்தியானம், மாமியார் கேட்க, தனக்கும் கோழிக்கால் வேண்டும் என்று விழுந்து புரண்டு அழுதிருக்கிறான். "ஒருத்தரும் மச்ச மாமிசம் தின்னாத படமாத் தாங்கோ" என்றாள்.

நீங்களும் ஒருக்கால் தேடிப் பாருங்கள். பூனை மீன் தின்னும். மீனே மீன் தின்னும். சிங்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நானே இருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு முயல் குடும்பம் கரட் தோட்டம் செய்கிற படத்தைக் கண்டுபிடித்துப் பெருமையோடு கொடுத்தனுப்பினேன். அடுத்த கிழமை கௌரி வந்தாள். "முயல் சைவம்தான் அக்கா, குறை சொல்லேலாது. ஆனா மாமியும் இருந்து பாத்தவ. பாத்ததிலை இருந்து, மாமா முந்தி முயல் வேட்டைக்குப் போனதும், தான் அதை எப்பிடிக் காய்ச்சினதெண்டும் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறா."

மடியில் ஒரு கால்

சுதனுக்கு நான் முதலில் கொடுத்தது அலுமாரியிலேயே நல்ல படம். தாயைத் தவறவிட்ட யானைக்குட்டி காடு முழுக்கத் தேடித் திரிகிற கதை. தர்சி அதைக் காலையும் பார்த்தாள், பின்னேரமும் பார்த்தாள். செற்றியில் அவர் வந்து இருந்தால் மற்றக் கரைக்கு நகர்ந்தாள். அவர் இறங்கி நிலத்தில் இருந்தால், "மாமா, மறைக்காதேங்கோ" என்றாள். அப்போதுதான் யோசித்தேன்: நல்ல படம் பார்க்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் எதற்கு?

ஆகவே மூளையைப் பாவித்து, அடுத்ததாகக் கொஞ்சம் பயப்படுத்துகிற படத்தை எடுத்தேன். இருட்டுக் குகை, பெரிய கண்ணுள்ள ஆந்தை. பயந்தால் பிள்ளை பக்கத்தில் இருக்கிறவரைத்தானே பிடிக்கும்? ஆந்தை வருகிற நேரம் தாய் கலாவைக் குசினிக்குள் நிற்கச் சொல்லுங்கள் என்றும் ஏற்பாடு சொல்லிவிட்டேன். சுதன் அதன்படியே செய்திருக்கிறார். பிறகு வந்து சொன்னார்: "ஆந்தை வந்தது அக்கா. பிள்ளை நல்லாப் பயந்தவ. எழும்பி ஓடினவ. என்ரை மடியிலை ஒரு காலை வைச்சு ஏறித் தாண்டித்தான் குசினிக்குப் போனவ. அதையும் கணக்கிலை சேக்கலாமோ?"

வில்லன்

அன்ரன் எங்கள் கடலேரிக் கரையில் வலை போடுகிறவர். வீட்டில் இரட்டைப் பையன்கள். கடலுக்கடியில் நடக்கிற படம் என்றால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்து, நிறம் நிறமான மீன்கள் வருகிற ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மீன்கள் எல்லாம் நல்லவர்கள். ஒரேயொரு கெட்டவன், படகில் வருகிற வலைக்காரன். அன்று பின்னேரம் அன்ரன் தன் வீட்டுக்குப் போனபோது பையன்கள் இருவரும் படலையை மூடிக்கொண்டு உள்ளே விடவில்லையாம்.

அடுத்த தரம் கவனமாக இருந்தேன். மீனே இல்லாத, மணலும் பாசியும் சிப்பியும் நிறைந்த ஒரு படத்தைக் கொடுத்தேன். மறுநாள் அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "நான் பிடிக்கிறது மீன் இல்லை, இறாலெண்டு சொல்லி ஒரு மாதிரி உள்ளை போனனான் அக்கா. நேற்று நீங்கள் தந்ததிலை இறாலும் கதைக்குது."

ஒரு சொல் வந்தது

எங்கள் மெதடிஸ்ட் கோயில் பாடகர் குழுவில் இருக்கிற ஜெயந்தனுக்குத் தமிழ்ப் படமே வேண்டாம். மகன் பள்ளிக்கூடம் போக முந்தி இங்கிலீசு வந்துவிட வேண்டும், படத்தாலேயே வந்துவிட வேண்டும். எனக்கு இரண்டாவது மொழி வந்தது உள்ளங்கையில் விழுந்த வாத்தியாரின் அடிமட்டத் தடியால்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு இங்கிலீசுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் பையனுக்கு ஒரு வசனம் வந்தது. வாகனங்கள் ஒன்றோடொன்று மோதுகிற படத்தில் எல்லாரும் சொல்வார்களே, "ஓ நோ", அது. குளிக்க வார்த்தால் ஓ நோ. புட்டு வைத்தால் ஓ நோ. போன ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்துக்கு எழும்பியபோது கோயில் முழுக்கக் கேட்க ஓ நோ. நான் ஆறுதல் சொல்லப் போனேன். ஜெயந்தனுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. "இடம் பாத்துச் சொல்லுறான் அக்கா. விளங்கித்தான் சொல்லுறான்."

கதைக்காத படம்

லீவு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஆந்தைப் படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்தது என்ன என்று சுதன் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடித்தட்டில் ஒரு படம் கிடந்தது, ஒரு வாத்தும் ஒரு சைக்கிளும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரும் ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அதனாலோ என்னவோ ஒருவரும் அதை எடுப்பதுமில்லை. கதையை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் குரலாவது அவளுக்குத் தேவைப்படும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சுதன் வந்தார். மோட்டார் சைக்கிளில் அவருக்கு முன்னால் தர்சி இருந்தாள். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றும் வெளியில் வந்தது. கட்டாரில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் போனில் வந்த முகம்தான் தர்சிக்கு அப்பா. அந்த அப்பாவோடு அவளுக்கு நல்ல ஒட்டு. கையும் காலுமாக வீட்டுக்குள் திரிகிற ஆள் வேறு யாரோ. வாத்துப் படத்துக்கு இவர் பக்கத்தில் இருந்து கதை சொல்லத் தொடங்கியதும், அவள் வாயில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். இவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அது அவர் வழமையாகக் கட்டாரில் இருந்து வீடியோ கோல் எடுக்கிற நேரம். கை தன்பாட்டில் போனை எடுத்து வீட்டுக்கு அழுத்தியது.

ஹோலுக்குள் கலாவின் போன் அடிக்க, தர்சி ஓடிப்போய் எடுத்தாள். "அப்பா, நான் படம் பாக்கிறன்." "என்ன படம் பாக்கிறீங்கள்?" "வாத்து." "வாத்து என்ன செய்யுது? எனக்கு ஒண்டும் தெரியேல்லை." படத்தில் சொல்ல ஒருவரும் இல்லாதபடியால் தர்சியே சொல்லத் தொடங்கினாள். வாத்து சைக்கிளில் ஏறுது. விழுந்திட்டுது. சைக்கிள் கோவிச்சுக்கொண்டு போகுது. "தெரியேல்லையே" என்று சொல்லிச் சொல்லி, அவர் கிணற்றடியில் இருந்து குசினிக்கும் குசினியில் இருந்து ஹோல் வாசலுக்கும் வந்துவிட்டார். அவள் போனைத் தூக்கி ரீவிக்கு நேரே பிடித்தாள். "வெளிச்சம் அடிக்குது, தெரியேல்லை." குரல் முதுகுப் பக்கத்திலும் கேட்டிருக்க வேண்டும். தர்சி திரும்பினாள். போனைப் பார்த்தாள், வாசலில் நின்றவரைப் பார்த்தாள், திரும்பவும் போனைப் பார்த்தாள். "அப்பா, அந்தப் போனை வைச்சிட்டு இஞ்சை வந்து இருங்கோவன். இதிலை வடிவாத் தெரியும்."

இதைச் சொல்லும்போது சுதன் என்னைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தர்சி அவருடைய சேட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமையோடு அவர் திரும்பவும் போனுக்குள் போய்விடுவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் என் தொழிலுக்கு ஏற்ற மாதிரி, படம் எப்படி, முடிவு நல்லதா என்று கேட்டு வைத்தேன். "வாத்துக்கு என்ன நடந்ததெண்டு ஆருக்குத் தெரியும் அக்கா? நாங்கள் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்."

அந்தப் படத்தை முடிவு வரை பார்த்தவர் எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவரும் இல்லை, நான் உட்பட. ஆனாலும் பிள்ளையோடு சேர்ந்திருந்து பார்க்க நல்ல படம் எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு யோசிக்காமல் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.