மண்டபத்து நகையை எடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்வது கலைவேந்தனின் வேலை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் வீட்டுச் சமையலில் அவர் பங்கு அது ஒன்றுதான். வாரத்தில் ஆறு நாள் மடுகரை உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறவர், ஏழாம் நாள் தோட்டத்துக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நல்லவாட்டிலிருந்து வண்டியில் வருகிற சங்கராவுக்குச் செதில் எடுப்பார். ஒரு மீனுக்கு ஐந்து நிமிஷம். அதற்கு முன்னால், கீழே விரிக்கிற பழைய பேப்பரை ஆராய்வதற்குப் பத்து நிமிஷம். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். துப்பறியும் நாகரத்தினம் எங்காவது தென்பட்டால் அந்தத் தாளுக்கு விடுதலை. மற்றதெல்லாம் மீனுக்கு.

"கொலையா நடந்திருக்குது? மீன ஆய்ஞ்சிக் குடுங்க, கொழம்பு கொதிக்கிது" என்றாள் அம்சவள்ளி அடுப்படியிலிருந்து.

நாகரத்தினம் யார் என்று அந்த வீட்டில் கேட்கக் கூடாது. கேட்டால் சாப்பாடு ஆறிவிடும். காலைப் பேப்பரின் கடைசிக்கு முந்தின பக்கத்தில், தினம் மூன்று கட்டம் வந்த படக்கதை அது. கம்பி பிரிந்த கருப்புக் குடை, சட்டைப் பையில் எள்ளுருண்டை, 4471 என்ற ஸ்கூட்டர், பின்சீட்டில் பயந்துகொண்டு உதவியாளன் சொக்கு. இடையில் முப்பது வருஷம் நின்றுபோயிருந்ததை, இந்தத் தை மாசம் அதே பேப்பர் மறுபடியும் ஆரம்பித்தது. ஆரம்பித்த மறுநாளே வில்லியனூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அரிகரன் போனில் ஒரு குழு தொடங்கிவிட்டார். பெயர், நாகரத்தினம் ரசிகர் குடும்பம். இருநூத்துப் பதினாலு பேர். அதில் கலைவேந்தன்தான் பெரியவர். எந்தக் கதையில் எந்தக் கட்டத்தில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரை அவரிடம் பதில் இருக்கும்.

போன் மாடத்தில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அவர் கையெல்லாம் செதில்.

"என்னான்னு பாரு வள்ளி."

அம்சவள்ளி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "'குடையைக் கவனிச்சீங்களா? மூணாவது கம்பி இன்னமும் பிரிஞ்சுதான் இருக்கு.' இது ஒருத்தரு. அதுக்குக் கீழ பதினேழு அழுவுற பொம்ம. கொட பிரிஞ்சதுக்கு இன்னாத்துக்குங்க அழுவறாங்க?"

"அது ஆனந்தக் கண்ணீர்."

"நம்ம வூட்டுக் கொட ரெண்டு வருஷமா பிரிஞ்சி கெடக்குது. ஒருத்தரும் அழுவல." அவள் விரலால் தள்ளினாள். "'எள்ளுருண்டையைப் பார்த்ததும் எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு.' இவுரு துபாயாம். 'இன்னைக்கு ரெண்டாவது கட்டத்தைப் பார்த்து உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.' இவுருக்கு மருந்துக்கடக்காரரே எதனா குடுக்கலாம்."

"ரெண்டாவது கட்டத்துல இன்னா?" கலைவேந்தன் கத்தியைக் கீழே வைத்தார். இன்றைய பேப்பர் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. குளித்துவிட்டுத்தான் பிரிப்பார்.

"நாகரத்தினம் மேச டிராயரத் தொறக்கறாரு. உள்ள ஒரு பித்தளப் பூட்டு. 'பூட்டிய மண்டபம் வழக்கை மறக்க முடியுமா சொக்கு?'ன்னு கேக்கறாரு."

கலைவேந்தன் மறுபடியும் கத்தியை எடுத்து, செதில் போன மீனையே சுரண்டினார்.

"அரிகரன் உங்களத்தான் கேட்டிருக்காரு. 'கலைவேந்தன் அண்ணே, பூட்டிய மண்டபத்துல கல்யாணப் பொண்ணு நகையை எடுத்தது யாரு? இங்க பாதிப் பேரு சமையக்காரன்றாங்க, பாதிப் பேரு தாய்மாமன்றாங்க. உங்க நோட்டைப் பார்த்துச் சொல்லிடுங்க. அடுத்த ஞாயிறு கூட்டத்துல நீங்க அந்தக் கதையத்தான் பேசறீங்க, நோட்டீஸ்ல போட்டாச்சு.' சொல்லுங்க, நானே அடிச்சி வுட்டுடறேன். யாரு எடுத்தது?"

"சொன்னா சுவாரசியம் போயிடும்" என்றார் கலைவேந்தன்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் முப்பத்தாறு வருஷத்தை ஓட்டியிருந்தார். விஷயம் இதுதான்: நகையை யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

எண்பத்தொன்பதில் அவருக்குப் பதினாலு வயது. டீக்கடைப் பேப்பரை மறுநாள் கெஞ்சி வாங்கி, படக்கதையைக் கத்தரித்து, சோற்றுப் பசையால் நோட்டில் ஒட்டுவார். பூட்டிய மண்டபம் தொண்ணூத்திரண்டு நாள் ஓடியது. தொண்ணூத்தோராம் நாள் கடைசிக் கட்டத்தில் நாகரத்தினம் குடையை நீட்டி, "திருடன் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான்!" என்றார். மறுநாள் விடிந்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட். டீக்கடைப் பேப்பரை ஐம்பது பேர் ஐம்பது பக்கம் இழுத்து, கடைசியில் கடைக்காரர் கையில் மிஞ்சியது சினிமா விளம்பரம் மட்டும். கலைவேந்தனின் அப்பா சைக்கிளில் நெட்டப்பாக்கம் போய்த் தனியாக ஒரு பேப்பர் வாங்கி வந்தார். அதில் அக்கா செல்வகுமாரியின் நம்பர் இருந்தது. அந்த வீட்டில் பத்து தாண்டிய முதல் ஆள். அவள் கத்தரிக்கோலை எடுத்து, நம்பர் இருந்த பத்தியை அப்படியே வெட்டி எடுத்தாள். தாளின் பின்பக்கத்தில் நாகரத்தினம் இருந்தார்.

நோட்டில் தொண்ணூத்திரண்டாம் பக்கம் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவியதும், டிபன் பாக்ஸில் நாலு துண்டு வறுவலை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். "அக்காவுக்கு சங்கரான்னா உயிரு" என்றார். அம்சவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அக்காவின் உயிர் எது என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

தவளக்குப்பம் வழியாக அரியாங்குப்பம் போய்ச் சேர மூணு மணி. செல்வகுமாரியின் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு சட்டம் தொங்கியது. கண்ணாடிக்குள் பழுத்துப்போன தாள், எறும்புச் சாரி மாதிரி எண்கள், ஒன்றைச் சுற்றி மட்டும் சிவப்பு மை. கல்யாணச் சீரோடு அந்தத் தாளையும் எடுத்து வந்து, இங்கேதான் சட்டம் போட்டுக்கொண்டாள்.

"இன்னாடா திடீர்னு?"

"மீன் கொண்டாந்தேன். அக்கா, அந்தக் கண்ணாடி மங்கலா கெடக்குதே. தொடைச்சித் தரட்டா?"

"உன் வூட்ல ஒரு டம்ளர் கழுவியிருக்கியாடா நீ?"

"மீன் கழுவறேனே."

அவள் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கலைவேந்தன் சட்டத்தைக் கழற்றி மடியில் குப்புறப் போட்டு, வண்டிச் சாவியால் பின்பக்க ஆணிகளை நெம்பினார். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது முரண்டு பிடித்தது.

"இன்னாடா பண்ற?"

நாகரத்தினத்திடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட எத்தனையோ திருடர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒருத்தனும் இவ்வளவு மோசமாகச் சமாளித்ததில்லை. "காத்தாட இருக்கட்டும்னு..." என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குடை, பூட்டு, நோட்டீஸ், அரிகரன், சமையல்காரனா தாய்மாமனா என்பது வரைக்கும். "அடுத்த வாரம் மேடையில நிக்கணும்க்கா. இருநூறு பேரு. தெரியாதுன்னா மானமே போயிடும்."

செல்வகுமாரி சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிரிச்சாலும் ஒண்ணும் கெடைக்காதுடா. அட்டையில மைதா மாவு காய்ச்சி ஒட்டியிருக்கேன். பிச்சா தூள்தூளா வரும்." கலைவேந்தனின் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கா?"

"கத்திரி போடறதுக்கு முன்னாடி படிச்சனே. உன் நோட்டுல ஒட்டினதெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடி யாரு படிச்சான்னு நெனச்ச?"

"முப்பத்தாறு வருஷமா சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியே."

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். அழுதிருக்கிறார், ஒரு மாசம் அவளிடம் பேசாமல் இருந்திருக்கிறார், நோட்டில் அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே காப்பாற்றியிருக்கிறார். கேட்கத் தோன்றவில்லை.

"அன்னிக்கி நீ தரையில பொரண்டு அழுத அழுகைக்கு, அப்பா உன்ன சைக்கிள்ல உக்கார வெச்சி கூட்டிம்போயி பரோட்டா வாங்கிக் குடுத்தாரு" என்றாள் செல்வகுமாரி. மீன் என்ன விலை என்று சொல்கிற குரல்தான். "பாஸானது நானு."

"தப்புதான்க்கா. இப்ப சொல்லு. சமையக்காரனா?"

போன் அதிர்ந்தது. அரிகரன். 'அண்ணே, எல்லாரும் வெயிட்டிங்.'

"சொல்றேன்" என்றாள் அக்கா. "மொதல்ல நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. அந்தாளு ஸ்கூட்டர் நெம்பர் இன்னா?"

"நாலு நாலு ஏழு ஒண்ணு."

"கொடையில எந்தக் கம்பி பிரிஞ்சது?"

"மூணாவது." அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் நெம்பர் இன்னா? சட்டத்தத் திருப்பாம சொல்லு."

பொங்கல் வரிசை கொண்டுவரும்போதெல்லாம் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் அவர் காபி குடித்திருக்கிறார். மடியில் சட்டம் குப்புறக் கிடந்தது. "ரெண்டு" என்று ஆரம்பித்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு துப்பும் இல்லை. "ரெண்டு... நாலு..."

மேலே மின்விசிறி சுற்றியது. போன் மறுபடி அதிர்ந்து, அடங்கி, மறுபடி அதிர்ந்தது.

"ம்?" என்றாள் செல்வகுமாரி.

கலைவேந்தன் பாதி நெம்பிய ஆணியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிறகு, கழுவி வைத்த டிபன் பாக்ஸை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.