கவாத்து மலையில் அறுந்த கேபிள்

எஸ்டேட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று பீற்றிக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் எஸ்டேட்டில் மேட்டுச் சாலையில் நின்றால் போன் பேசலாம், பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு இறங்கினால் சிக்னல் செத்துவிடும். மேட்டில் கிடைக்கும் ரேடியோ அலையைச் செம்புக் கம்பியில் இறக்கினால் பாதி வழியிலேயே தேய்ந்து போகும். அதனால் அதை லேசர் ஒளியின் மேல் ஏற்றி, கண்ணாடி இழை வழியாக அனுப்பி, பள்ளத்தில் மறுபடியும் ரேடியோ அலையாக்கி ஆன்டெனாவுக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் என் ஆராய்ச்சி. ஒளிக்கு ஒருவர், ரேடியோவுக்கு ஒருவர் என்று இரண்டு பேராசிரியர்களிடம் திட்டு வாங்கும் பாக்கியம் எங்கள் துறையில் எனக்கு மட்டுந்தான்.

கம்பம் நட்டுக் கேபிளைக் கொண்டுபோகலாம் என்றார் ஒளிப் பேராசிரியர். "யானை சாய்ச்சுடும் சார். தேயிலைக்கு அடியில விட்டா யார் கண்ணுலயும் படாது. இது என் ஊரு, என்கிட்ட விடுங்க" என்றேன். விட்டார். நான் கேபிள் போட்ட அந்த மலைக்கு இந்த வருடம் கவாத்து என்பது லயத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக்கும் வேலை அது, என் அப்பாவே கவாத்து ஆள்தான். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நிதி கொடுக்கும் இடத்திலிருந்து இரண்டு நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் இணைப்பு லயம் வரைக்கும் நீளும். இல்லையென்றால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கல்லூரி வளாகத்துக்குப் போக வேண்டியதுதான். லயத்துக்கு சிக்னல் வரப்போகிறது என்று அம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஒரு கூட்டமே போனும் கையுமாக, பள்ளத்தில் கேபிள் வந்து முடியும் ஃபேக்டரி வாசலில் நின்றது. அப்பாவும் கவாத்துக் கத்தியோடு வந்து, "எல்லாம் சரியா இருக்கு புள்ள, பயப்படாத" என்று சிரித்தார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மேட்டில் லேசரைப் போட்டார்கள். பள்ளத்தில் என் திரையில் ஒன்றுமே வரவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் குறை சொன்னேன், மழை ஈரத்தைக் குறை சொன்னேன். கடைசியில் கேபிளைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன், எல்லாரும் பின்னால் வந்தார்கள். பாதி மலை மொட்டையாகியிருந்தது. ஓரிடத்தில் கேபிள் அறுந்து, கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். இழுத்தால் அறாமல் இருக்க ஓரத்தில் வைத்திருக்கும் இரும்புக் கம்பிகளை, கரண்டு வயரை இணைப்பது போல யாரோ அழகாக முறுக்கிக் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடி இழையை, வேண்டாத நூல் என்று இருபக்கமும் நறுக்கி எறிந்திருந்தார்கள்.

"நான்தான் புள்ள. காலையில கத்தி பட்டுருச்சு. நீ பதறிப்போவேன்னு நானே ஒட்டிட்டேன்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். "தெரியாத விஷயத்துல ஏம்ப்பா கை வைக்கிறீங்க? எல்லாமே போச்சு!" என்று கத்தினேன். அவரோடு வேலை செய்கிறவர்கள், சூப்பர்வைசர், வந்திருந்த நிபுணர்கள் என அத்தனை பேருக்கும் கேட்டது. அப்பா டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கூட வந்திருந்த ஒளிப் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, அங்கேயே கேட்டார். "அவரைத் திட்டாதீங்கம்மா. இது என்ன கேபிள், உள்ளார என்ன இருக்குதுன்னு கவாத்து ஆளுங்களுக்கு நீங்க சொன்னீங்களா?"

நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. கூனிக் குறுகி நின்றேன். இழையை உருக்கி ஒட்டும் கருவி கோயம்புத்தூரில் இருந்தது. மூடுபனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று நிபுணர்கள் காரில் ஏறினார்கள். இனிமேல் வளாகத்திலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் நின்ற கூட்டம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கலைந்தது. ஒருவராவது என்னை ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்த நூலுதான் முக்கியமா புள்ள? அதுல என்னதான் ஓடுது?"

இதை ஒவ்வொரு லீவிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்டவர்தான். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்பதே என் பதிலாக இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டார்ச் அடித்துக் காட்டி விளக்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

"வெளிச்சம்ப்பா. போன்ல வர்ற பேச்சை வெளிச்சத்துல ஏத்தி அனுப்புறோம். கண்ணாடி அறுந்தா வெளிச்சம் நின்னுடும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை.

"இத எனக்குச் சொல்றதுக்கு உனக்கு அம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சா, புள்ள?"