சுருளுக்கடியில் இருந்த தகடு

துரத்திவிட்டார்களாம்! மாடிவீட்டுக்காரியிடம் யார் சொன்னது? என் மருமகள் பெட்டியும் பையுமாகப் படியிறங்கியதைப் பார்த்தாளாம். இயந்திரத்தைக் கெடுத்ததால் வேலை போயிற்று என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தப்பு நடந்தது உண்மைதான். மீதியையும் கேட்டுவிட்டல்லவா பேச வேண்டும்?

மருமகள் ஆய்வுக்கூடத்தில் ஃபிட்டர். அங்கே வளையமாக ஒரு இரும்புக் கூடு. அதற்குள் சூரியனைப் போலக் கொதிக்கும் வாயு, பிளாஸ்மா என்பார்கள். அது சுவரைத் தொடாதபடி காந்தக் கோடுகள் கட்டிப்பிடித்திருக்கும். அந்தக் காந்தத்தைத் தரும் செம்புச் சுருள்களைக் கோணலில்லாமல் பொருத்துவது இவள் வேலை. நாலு மாதமாகப் பிளாஸ்மா நிலைக்கவே இல்லை. மூட்டியதும் தள்ளாடும், சுவரில் மோதும், அணையும். மின்சாரத்தைக் குறை சொன்னார்கள், பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள்.

ஒருநாள் காலை, கூட்டுவதற்காகச் சாப்பாட்டு மேசை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் சொருகியிருந்த அட்டையை உருவினேன். மேசை சாய்ந்தது. மருமகள் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, நான் எடுக்கவே இல்லையே!"

"எதைடி?"

"போல்ட் முடுக்கும்போது ஆடாம இருக்க ஒரு சுருளுக்கு அடியில தகடு சொருகினேன். இன்னும் அங்கேயே இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்."

"இம்மாத்தூண்டுக்கா இவ்வளவு கூத்து?"

தையல் நூலை மேசையில் விரித்துக் காட்டினாள். "சுருள் கோணலாகி வெளியேருந்து லேசா நெருக்கினா போதும், அத்தை. உள்ள எதிரெதிரா ஓடுற காந்தக் கோடுங்க ஒட்டி, அறுந்து, வேற ஜோடியோட சேர்ந்துக்கும். கட்டு குலைஞ்சு சூடு வெளிய ஓடிடும்."

"சாவி உன்கிட்டதானே இருக்கு? சத்தமில்லாம உருவிட்டு வந்துடு." ஆமாம், நான்தான் சொன்னேன். மறைப்பானேன்?

"அப்புறம் நாலு மாசம் ஏன் கெட்டுதுன்னு யாருக்குமே தெரியாம போயிடும். வேலை போனா போகட்டும் அத்தை."

போய்ச் சொல்லிவிட்டாள். பெரிய விஞ்ஞானி தலையில் கைவைத்து உட்கார்ந்தாராம். பிறகு சிரித்தாராம். "வேணும்னே கோணலாக்கி, கோடுங்க எப்படி அறுந்து சேருதுன்னு பார்க்க அடுத்த வருஷம் திட்டம் போட்டிருந்தோம்மா. நீ முந்திக்கிட்ட!"

தகட்டை எடுத்தார்கள்; பிளாஸ்மா சமர்த்தாக நின்றது. நாலு மாத அளவுகளும் வீணாகவில்லை. வேறு ஊரில் இதைவிடப் பெரிய இயந்திரம் கட்டுகிறார்கள். தப்பை ஒத்துக்கொள்கிற ஃபிட்டர் வேண்டுமென்று கேட்டபோது அவர் இவள் பெயரைத்தான் சொன்னார்.

அந்த வேலைக்குக் கிளம்பிய அன்று செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து மேசையை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"இந்த அட்டையை மட்டும் உருவிடாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.