சினை நண்டும் செலீனாவும்

செலீனாவுக்குப் பயமென்றால் உங்கள் வீட்டுப் பயம் எங்கள் வீட்டுப் பயம் இல்லை. வங்காலைக் கோயில் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்தவள் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தவன் நண்டுக் கொம்பனி மனேச்சர் நிதர்சன்.

வாய் சும்மா கிடந்தால்தானே! பல்கலைக்கழக விடுமுறையில் டிலோஜினி என்றொரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தாள். பிழையென்று தெரிந்த வேலையைச் செய்யச் சொன்னால் சனம் என்ன செய்யும் என்பதுதான் ஆராய்ச்சி. "உங்கட பேர் வெளியில வராதக்கா" என்றாள். செலீனா நம்பிக் கொட்டிவிட்டாள். சினை நண்டைக் கடலில் விடவேண்டும் என்பது மீனவர் சங்கத்தின் கட்டுப்பாடு. கொம்பனியிலோ வயிற்றில் ஒட்டிய முட்டையை உரசிக் கழுவி, வெறும் நண்டென்று ஏற்றிவிடுவார்கள். உரசுகிறவளே செலீனாதான்.

இப்போது ஊரைக் கூட்டிவைத்து, அந்தப் பிள்ளை தன் ஆராய்ச்சியை ஒலிவாங்கியில் வாசிக்கிறாள். பேர் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் வாசித்ததைப் பாருங்கள்: "'நானும் மூண்டு பெத்தவள். அந்த முட்டையை உரசேக்க கை கூசும்' எண்டு ஒரு அக்கா சொன்னவா."

அட மாதாவே! உரசுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவள் அன்ரோனெற் கலியாணமே கட்டவில்லை. நிதர்சன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். செலீனாவின் புருசன் கடலோடு போனவன். கொம்பனிச் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

அவள் எழும்பிவிட்டாள். "பொய்! எங்கட கொம்பனியில அப்பிடி ஒண்டும் நடக்கிறேல்ல. இந்தப் பிள்ளை தானாக் கட்டின கதை!"

டிலோஜினியோடு வந்திருந்த விரிவுரையாளர், "பதிவு செய்தனீர்தானே? போட்டுக் காட்டும்" என்றார்.

கைபேசி டிலோஜினியின் கையில்தான் இருந்தது. செலீனாவின் குரல் முழுக்க அதற்குள். முடிந்தது என் கதை என்று செலீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லை, சேர்." டிலோஜினி கைபேசியைப் பைக்குள் வைத்தாள். "அவா சொல்லுறதுதான் சரி. நான்தான் பிழையா எழுதிட்டன்."

"அப்ப உம்மட ஆராய்ச்சி செல்லாது. விளங்குதோ?"

"விளங்குது, சேர்."

கூட்டம் கலைந்தது. டிலோஜினி வாசலருகே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போக செலீனாவுக்குக் கால் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நேரம் பார்த்து நிதர்சன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"செலீனாக்கா, நாளைக்கு வெள்ளன வாங்கோ. சினை கனக்க வந்திருக்கு."

டிலோஜினிக்கும் அது கேட்டது. அவள் நிமிரவில்லை.

"ஓம் தம்பி, வாறன்" என்றாள் செலீனா.